வேலை திரும்பியது, ஆள் திரும்பினானா?

கொரோனா ஓய்ந்து சில ஆண்டுகள் ஆகிவிட்டன. "வேலைவாய்ப்பு பழைய நிலைக்குத் திரும்பியது" என்ற செய்தியை மட்டும் பத்திரிகைகள் அவ்வப்போது பெட்டி கட்டிப் போட்டுக்கொண்டிருக்கின்றன. நண்பர்கள் சிலர் அதைப் படித்துவிட்டு, நாடு நிமிர்ந்துவிட்டது என்கிறார்கள். நிமிர்ந்திருக்கலாம். நான் சண்டைக்குப் போகிறவன் அல்ல. ஆனால் முப்பது வருடத்துக்கு மேல் அரசாங்க ரிஜிஸ்டர்களோடு குடும்பம் நடத்தியவன் என்ற முறையில், அந்தத் "திரும்பியது" என்ற சொல்லுக்கு எழுவாய் எது என்று கேட்கத் தோன்றுகிறது. திரும்பியது வேலையா, எண்ணிக்கையா, ஆளா? மூன்றும் ஒன்றல்ல.

வேலைவாய்ப்புப் பதிவேட்டை அலுவலகத்தில் "லைவ் ரிஜிஸ்டர்" என்போம். அந்த அட்டை என் வயதுக்காரர்கள் பலர் வீட்டு டிரங்குப் பெட்டியில் இன்னும் கிடக்கும். மூன்று வருடத்துக்கு ஒரு முறை அதைப் புதுப்பிக்க வேண்டும். மறந்தால் பெயர் நீங்கிவிடும். பெயர் நீங்கினால் மாதாந்திர அறிக்கையில் எண்ணிக்கை இறங்கும். மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர், "குறைஞ்சிருக்கே" என்று திருப்தியோடு கையெழுத்துப் போடுவார். எப்படிக் குறைந்தது? சிலருக்கு வேலை கிடைத்திருக்கும். பலர் புதுப்பிக்க வரவில்லை. இரண்டு பேரும் ஒரே கணக்கிலிருந்துதான் வெளியேறுகிறார்கள். ஒருவர் வாசல் வழியாகப் போகிறார், மற்றவர் கொல்லைப்புறமாக. நாங்கள் எழுதிய அறிக்கையில் தனித்தனியாக எந்த எண்ணும் பொய் கிடையாது. கூட்டிப் பார்த்தால்தான் பொய் சொல்லும்.

எண்பதுகளில் நம்மூர் ரோடியர் மில் மூடிக் கிடந்த சமயம். சாயப் பிரிவில் இருந்த ஒருவரை ஒரு சினிமா கொட்டகையின் சைக்கிள் ஸ்டாண்டில் டோக்கன் கொடுக்கிறவராகப் பார்த்தேன். "கார்டைப் புதுப்பிக்கலையா?" என்று கேட்டேன். "அதுக்கு அரை நாள் க்யூவில நிக்கணும் சார். நின்னா இந்த வேலையும் போயிடும்" என்றார். ரிஜிஸ்டர்படி அவர் வேலை தேடாதவர் ஆனார். மில்லைப் பொறுத்தவரை பெயரில்லாதவர். சைக்கிள் ஸ்டாண்டில் அவருக்கு ரிஜிஸ்டரே கிடையாது.

இது ஏதோ பாண்டிச்சேரி கூத்து என்று நினைக்க வேண்டாம். பள்ளியில் பிரெஞ்சு வழியில் படித்த பழக்கத்தால் அந்த ஊர்ச் செய்திகளை இன்றும் பார்ப்பேன். வேலையின்மைக்கு அவர்கள் சொல்லும் சொல் "ஷோமாஜ்". உச்சி வெயில் நேரத்தில் வேலையை நிறுத்திவிட்டு இளைப்பாறுவது என்பதுதான் அதன் பழைய பொருள். வெப்பத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து லத்தீன் வழியாக வந்தது. வெயிலுக்கு ஒதுங்கியவன் வெயில் தாழ்ந்ததும் வயலுக்குத் திரும்புவான் என்ற நம்பிக்கை அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

2020-ன் இரண்டாவது காலாண்டில் பிரான்சே வீட்டுக்குள் அடைந்து கிடந்தது. அந்த நேரத்தில் அவர்களுடைய புள்ளியியல் நிறுவனமான இன்ஸே வெளியிட்ட கணக்கில் வேலையின்மை 7.8 சதவீதத்திலிருந்து 7.1 ஆக இறங்கியிருந்தது! ஊர் முடங்கிய மூன்று மாதத்தில் வேலையில்லாதவர்கள் குறைந்தார்களாம். அந்த நிறுவனத்தை நான் மெச்சுவது இதற்குத்தான்: இந்த இறக்கம் "த்ரோம்ப்-லெய்", அதாவது கண்ணை ஏமாற்றும் சித்திரம் என்று அவர்களே தலைப்பில் எழுதிவிட்டார்கள். வேலையில்லாதவர் என்று கணக்கில் வர, ஒருவர் வேலை தேடிக்கொண்டிருக்க வேண்டும் என்பது உலகத் தொழிலாளர் நிறுவனத்தின் இலக்கணம். கதவைத் திறந்து வெளியே போகவே முடியாதவன் எங்கே போய்த் தேடுவான்? தேடவில்லை, ஆகவே அவன் வேலையில்லாதவனும் இல்லை.

நம் நாட்டுக் கணக்கையும் பாருங்கள். காலமுறைத் தொழிலாளர் கணக்கெடுப்பு என்று மத்திய அரசு நடத்துகிறது. அதன்படி வேலையின்மை 2019-20-ல் 4.8 சதவீதம். லாக்டவுனுக்குப் பிந்தைய 2020-21-ல் 4.2. 2023-24-ல் 3.2. மொத்தத்தில் இறங்குமுகம். நெடுஞ்சாலையில் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்த ஜனங்களை நாம் டிவியில் பார்த்த அந்தக் காலத்தில்தான் இந்த இறங்குமுகமும். அந்த ஜனங்கள் எங்கே போனார்கள் என்பதற்கு அதே கணக்கெடுப்பின் இன்னொரு பத்தியில் பதில் இருக்கிறது. வேலை செய்வோரில் விவசாயத்தில் இருப்பவர்களின் பங்கு 2018-19-ல் 42.5 சதவீதமாக இருந்தது. 2019-20-ல் 45.6. 2020-21-ல் 46.5. பல ஆண்டுகளாகக் குறைந்துவந்த பங்கு அது, திடீரென்று ஏறிக்கொண்டது. 2023-24-லும் 46.1-ல் நிற்கிறது. மூன்று பேர் செய்துவந்த நாலு காணி வேலையை ஐந்து பேர் செய்தால் ஐந்து பேருக்கும் வேலை உண்டு என்று எழுதிக்கொள்ளலாம். நெல் என்னவோ அதே மூட்டைதான்.

போதாதற்கு, வார நிலைக் கணக்கில் ஏழு நாளில் ஏதாவது ஒரு நாள் ஒரு மணி நேரம் வேலை செய்தாலே அவர் வேலையில் இருப்பவர். உலகம் முழுக்க இதுதான் விதி, நம் அரசு கண்டுபிடித்தது அல்ல. விதியைக் குறை சொல்லவில்லை. அந்த விதியால் அளந்த எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு "மீட்சி" என்று பட்டாசு வெடிப்பதைத்தான் சொல்கிறேன்.

எண்களை விட்டு நம்மூருக்கு வருவோம். 1898-ல் தொடங்கிய ரோடியர் மில்லை இளைஞர்கள் ஏ.எஃப்.டி. என்கிறார்கள். அதன் சங்குச் சத்தத்தில் முதலியார்பேட்டையும் சுற்றுப்பட்டும் பொழுது விடிந்த காலம் உங்களுக்கு நினைவிருக்கும். 1936 ஜூலை 30 அன்று சவானா மில்லில் குண்டடிபட்டு இறந்த பன்னிரண்டு பேரைப் பற்றிச் சொல்லிச் சொல்லித்தான் எங்களை வளர்த்தார்கள். அடுத்த ஆண்டே எட்டு மணி நேர வேலைக்குச் சட்டம் வந்தது. எண்பதுகளில் மூடிக் கிடந்த ரோடியரை 1986-ல் அரசு ஏற்றது. 2011 டிசம்பர் 30-ல் தானே புயல் கூரையைப் பிய்த்தது. அதன் பிறகு ஆண்டுக்கணக்கில் லே-ஆஃப், பாதிச் சம்பளம். 2020 ஏப்ரலோடு ஒரேயடியாக மூடினார்கள். அதாவது, தெருவில் இறங்கிக் கோஷம் போடக்கூட அனுமதியில்லாத லாக்டவுன் மாதத்தில்.

அதில் கடைசிவரை இருந்தவர்கள் இன்று எங்கே இருக்கிறார்கள்? ஏ.டி.எம். வாசலில் சீருடை போட்ட காவல்காரராக ஒருவரை நான் பார்க்கிறேன். ஒருவர் மகனுடைய இட்லிக் கடையில் பார்சல் கட்டுகிறார். ஒருவர் கல்யாண மண்டபத்தில். கணக்கெடுக்கிற பையன் அவர்கள் வீட்டுக் கதவைத் தட்டினால் எல்லோருக்கும் "வேலையில் உள்ளார்" என்றுதான் குறிப்பான். குறித்தது தப்பில்லை. ஆனால் நாற்பது சாயல் நீலத்தைக் கண்ணாலேயே பிரித்துச் சொன்ன ஒருவர் பார்சல் கட்டுவதை மீட்சி என்று சொல்ல எனக்கு நா எழவில்லை.

நிறம் என்றதும் ஒரு சங்கதி. நம்மூருக்கு நிறம் விற்பது புதிதல்ல. பதினெட்டு, பத்தொன்பதாம் நூற்றாண்டுகளில் பாண்டிச்சேரியிலிருந்து "கினே" என்ற நீலத் துணி கப்பல் கப்பலாக ஏறியது. அவுரியில் தோய்த்த கருநீலப் பருத்தி. அது போய்ச் சேர்ந்த இடம் ஆப்பிரிக்காவின் செனகல் ஆற்றங்கரை. அங்கே அது வெறும் துணி அல்ல, நாணயம் மாதிரி. இத்தனை கினேவுக்கு இத்தனை கோந்து என்று பேரம். அரபுக் கோந்து என்று சொல்வார்களே, ஒருவகை வேல மரத்துப் பிசின், அதைப் பிரெஞ்சு வியாபாரிகள் வாங்கிப் போய்த் தங்கள் நாட்டு அச்சுத் துணி ஆலைகளுக்கு விற்றார்கள். நம் சாயக்காரன் தோய்த்த நீலமும் செனகல் மரத்துப் பிசினும் ஒரே தராசின் இரண்டு தட்டில் இருந்தன. அந்தப் பிசினை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், மறுபடி வரும்.

1897-ல் ஜெர்மனியின் பி.ஏ.எஸ்.எஃப். கம்பெனி ரசாயன நீலத்தைக் கடைக்குக் கொண்டுவந்தது. பதினைந்து வருடத்துக்குள் அவுரி மண்ணைக் கவ்வியது. அந்த நஷ்டம் யார் தலையில் விழுந்தது என்பதற்குப் பிஹாரின் சம்பாரண் சாட்சி. அங்கே இருபது பங்கு நிலத்தில் மூன்று பங்கில் அவுரி போட்டே ஆகவேண்டும் என்று ரயத்துகளைக் கட்டிவைத்திருந்த தோட்டக்காரத் துரைகள், நீலம் விலை போகாதபோது, "உன்னை அவுரியிலிருந்து விடுவிக்கிறேன், அதற்கு விலை கொடு" என்று குத்தகையை உயர்த்தினார்கள், மொத்தமாகவும் பணம் கறந்தார்கள். 1914-ல் யுத்தம் வந்தது. ஜெர்மன் சாயம் நின்றது. அவுரி விலை மறுபடி ஏறியது. துரைகளின் கணக்குப் புத்தகத்தில் அது மீட்சிதான். ரயத்து கொடுத்த பணம் திரும்பி வரவில்லை. 1917-ல் காந்தி அங்கே போய் ஒவ்வொரு ரயத்தின் வாக்குமூலத்தையும் எழுதி வாங்கினார். சம்பாரணைப் பற்றி நான் மிகவும் மதிப்பது இந்தக் குமாஸ்தா வேலையைத்தான். மொத்த எண்ணை நம்பாமல் ஆள் ஆளாகக் கேட்டு எழுதினார்கள். அடுத்த ஆண்டு சட்டம் வந்தது.

இனி இன்றைய நிறத்துக்கு வருகிறேன். எங்கள் பக்கத்து வீட்டுப் பெண் எம்.எஸ்ஸி. வேதியியல் படித்தவள். சேதராப்பட்டுப் பக்கம் அழகுசாதனப் பொருள்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் நிறப் பிரிவில் வேலை. ஒரு நாள் ஒரு கிரீம் ட்யூபைக் கொண்டுவந்து, "கையை நீட்டுங்க தாத்தா" என்றாள். பிதுக்கினால் வெள்ளைவெளேரென்ற பசை, உள்ளே பொடிப்பொடியாய்ச் சாம்பல் புள்ளிகள். தேய்க்கத் தேய்க்கப் புள்ளிகள் உடைந்து, வெள்ளை போய், என் தோல் நிறத்துக்குக் கிட்டத்தட்ட ஒரு பழுப்பு வந்தது. எழுபது வயதுக்கு மேல் எனக்கு அலங்காரம் நடந்தது இப்படித்தான். வீட்டில் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

"கலர் எல்லாம் குட்டிக் குட்டி காப்ஸ்யூலுக்குள்ள இருக்கு தாத்தா. விரல் அழுத்தினா உடையும்" என்றாள். சிவப்பு, மஞ்சள், கறுப்பு இரும்பு ஆக்சைடுகள். அவற்றைச் சுற்றி ஒரு மெல்லிய சுவர். எதற்கு இத்தனை வேலை? நிறப்பொடி பசையின் அடியில் போய்த் தங்காமல் இருக்கும். இரண்டு நிறம் ஒன்றோடொன்று ஊறிக் கலக்காது. சில சாயங்கள் தோலில் நேரடியாகப் பட்டால் கறை பிடிக்கும். கூட்டுக்குள் இருந்தால் பிடிக்காது. இயற்கை நிறம் வேண்டும் என்று இப்போது எல்லோரும் கேட்கிறார்களாம். பீட்ரூட் சிவப்பு காற்றும் வெளிச்சமும் பட்டால் மங்கிப் பழுப்பேறிவிடும். வெட்டிவைத்த பீட்ரூட்டைப் பார்த்த எந்த வீட்டம்மாவுக்கும் அது தெரியும். ஆகவே அதையும் கூட்டுக்குள் அடைக்கிறார்கள். கூடு எதனால் ஆனது என்று கேட்டேன். மெழுகு, சிலிக்கா, செயற்கை பாலிமர் என்று அடுக்கிவிட்டு, "அரபுக் கோந்தும்தான் தாத்தா" என்றாள். பழைய பங்காளியைப் பார்த்த மாதிரி இருந்தது.

அவளிடம் நான் ஒரு பதிலுக்குப் பதில் சொன்னேன். இந்த வித்தையை நீ பிறப்பதற்கு முன்பே நான் ஆபீசில் பயன்படுத்தியிருக்கிறேன் என்றேன். நம்பவில்லை. கார்பன் பேப்பர் வைக்காமலே கீழ்த்தாளில் எழுத்து விழும் ரசீதுப் புத்தகம் உங்களில் பலருக்குத் தெரியும். 1950-களில் அமெரிக்காவின் என்.சி.ஆர். நிறுவனம் கொண்டுவந்தது. மேல்தாளின் அடிப்பக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத கூடுகள், அவற்றுக்குள் எண்ணெயில் கரைத்த நிறமற்ற சாயம். பேனா அழுத்தினால் கூடு உடையும். சாயம் கீழ்த்தாளில் பூசிய களிமண்ணைத் தொட்டதும் நீலமாகும். அந்தக் கூட்டின் சுவர் ஜெலட்டினும் அரபுக் கோந்தும். நம் முப்பாட்டன் துணி கொடுத்து மாற்றிய அதே பிசின். மை படிந்த விரலோடு வீட்டுக்குப் போய்த் திட்டு வாங்கிய எங்களுக்கு அது பெரிய விடுதலை. பிறகு கம்ப்யூட்டர் வந்தது. தட்டச்சர் பதவிகள் ஒவ்வொன்றாக "காலி, நிரப்பப்படாது" என்று ஆயின. ஒன்று சொல்ல வேண்டும்: அரசாங்கம் தட்டச்சரை வெளியே தள்ளவில்லை. கம்ப்யூட்டர் வகுப்புக்கு அனுப்பியது, வேலை நேரத்தில், சம்பளத்தோடு. ஐம்பது வயதில் மவுஸைப் பிடிக்கத் தெரியாமல் மேசையிலிருந்து கீழே இறக்கிவிட்ட அம்மாக்களெல்லாம் ஆறு மாதத்தில் பில் போட்டார்கள். வயதானவர்களால் புதுசு கற்க முடியாது என்று யாராவது சொன்னால் எனக்கு அவர்கள் முகம்தான் நினைவுக்கு வரும்.

அந்தப் பெண்ணிடம் இன்னொன்று கேட்டேன். நிறம் சரியாக வந்திருக்கிறதா என்று எப்படிப் பார்க்கிறீர்கள்? மெஷின் இருக்கிறது, அளக்கும் என்றாள். கடைசியில்? "கடைசியில லைட் பாக்ஸுக்குள்ள வெச்சுக் கண்ணாலதான் பாக்கணும் தாத்தா. அதுக்குப் பழகின கண்ணு வேணும்." பழகின கண் நம்மூரில் பஞ்சமாக இருந்ததா என்ன? சாயப் பிரிவு நாட்டு வைத்தியசாலை அல்ல. அங்கேயும் பொடி நிறுத்துக் கலந்து, சூடு பார்த்து, நேரம் பார்த்து, மாதிரித் துண்டோடு ஒட்டிப் பார்த்துத்தான் துணியை வெளியே அனுப்பினார்கள். அந்தத் தொழிலாளி ரசாயன சூத்திரம் எழுத மாட்டார், ஒப்புக்கொள்கிறேன். சூத்திரம் எழுத அவளை மாதிரி நாலு பேர் போதும். மீதி வேலைக்குச் சுத்தமும் பொறுமையும் கண்ணும் போதும். அதைக் கற்றுக்கொடுக்க எத்தனை மாதம் ஆகும்? அவள் யோசித்துவிட்டு, ஆறு மாதம் என்றாள். அந்த ஆறு மாதத்துக்கு யார் காசு கொடுப்பது என்பதுதான் கேள்வி. என் பார்வையில், ஒரு நெருக்கடிக்குப் பிறகு வேலைச் சந்தை மீண்டதா இல்லையா என்பதே அதற்குள் அடங்கியிருக்கிறது.

கண்ணுக்குத் தெரியாத அந்தக் கூட்டுக்கு எவ்வளவு மரியாதை கிடைக்கிறது என்பதைப் பாருங்கள். செயற்கை பாலிமரால் ஆன நுண்துகள்கள் கடலில் போய்ச் சேர்கின்றன என்று ஐரோப்பிய ஒன்றியம் 2023-ல் ஒரு தடை கொண்டுவந்தது. சரியான தடைதான், எனக்கு ஆட்சேபம் இல்லை. தேய்த்துக் குளிக்கும் பிளாஸ்டிக் மணிகளுக்கு உடனே. கழுவிவிடும் பொருள்களுக்கு 2027 வரை அவகாசம். பூசி விட்டுவிடும் கிரீம்களுக்கு 2029. உதட்டுச் சாயம், நகப்பூச்சு, முக ஒப்பனைக்கு 2035 வரை. பன்னிரண்டு வருடம்! "பெரியோத் த்ரான்சித்துவார்", அதாவது இடைமாற்றக் காலம் என்று சட்டமே பெயர் வைத்துக் கொடுக்கிறது. ஏன்? உதட்டுச் சாயக் கம்பெனி புதிய கூடு கண்டுபிடிக்க வேண்டும், சோதிக்க வேண்டும், மெஷினை மாற்ற வேண்டும், அதற்கெல்லாம் நேரம் ஆகும் என்று வாதாடினார்கள், கிடைத்தது. ஜெலட்டின், கோந்து போன்ற இயற்கைப் பிசின்களுக்கு இந்தத் தடை இல்லை. ஆகவே கோந்துக்கு மறுபடி நல்ல காலம்.

மனிதனுக்கு எவ்வளவு அவகாசம்? நாம் பழகிய தொழில் தகராறுச் சட்டத்தில், பெரிய ஆலையை மூடுவதற்குத் தொண்ணூறு நாள் முன்பு அரசிடம் அனுமதி கேட்க வேண்டியிருந்தது. வேலை செய்த ஒவ்வோர் ஆண்டுக்கும் பதினைந்து நாள் சம்பளம் நஷ்ட ஈடு. 2020-ல் பாராளுமன்றம் நிறைவேற்றிய தொழில் உறவுத் தொகுப்பில் "மறுதிறன் நிதி" என்று புதிதாக ஒன்று இருக்கிறது. பெயரைப் படித்ததும் எனக்குச் சந்தோஷம். உள்ளே படித்தேன். ஆட்குறைப்புக்கு ஆளானவருக்குக் கடைசியாக வாங்கிய சம்பளத்தில் பதினைந்து நாள் தொகையை முதலாளி கட்டுவார். அது அவர் கணக்கில் வரும். பதினைந்து நாள் சம்பளத்தில் எதைக் கற்பது? டிரைவிங் ஸ்கூலில்கூட அதைவிட அதிகம் கேட்கிறார்கள். வரிசை மட்டும் சரியாக இருக்கிறது: முதலில் வேலை போக வேண்டும், பிறகு பணம் வரும், பிறகு கற்க வேண்டும், பிறகு வேலை தேட வேண்டும். அதற்குள் வாடகை, பிள்ளையின் பீஸ், மாமியாரின் மருந்து எல்லாம் வாசலில் நிற்கும். சைக்கிள் ஸ்டாண்டோ ஏ.டி.எம். வாசலோ, முதலில் கிடைத்ததைப் பிடித்துக்கொள்வதைத் தவிர வழி?

பிரான்சில் 2020-ல் வேறு மாதிரி செய்தார்கள். ஆளை வேலையிலிருந்து நீக்காமல் வீட்டில் இருக்கச் சொல்லி, மொத்தச் சம்பளத்தில் 70 சதவீதம், கைக்கு வருவதில் ஏறக்குறைய 84 சதவீதம் கொடுத்தார்கள். பெரும்பகுதியை அரசு முதலாளிக்குத் திருப்பிக் கொடுத்தது. 2020 ஏப்ரலில் 80 லட்சத்துக்கும் அதிகமானோர் இப்படி இருந்தார்கள். அந்தச் சும்மா இருக்கும் நாட்களில் தொழிலாளிக்குப் பயிற்சி கொடுத்தால் அந்தச் செலவையும் அரசு ஏற்றது. எனக்கு அதில் பிடித்தது இந்தக் கடைசிப் பகுதிதான். அமெரிக்கா வேறு பக்கம் போனது: நீக்கிவிட்டுப் பிறகு உதவித்தொகை கொடுத்தது. அங்கே வேலையின்மை ஒரே மாதத்தில் 14 சதவீதத்தைத் தாண்டியது. 2022 ஜூலையில் 3.5-க்கு வந்துவிட்டது. எண்ணை மட்டும் பார்க்கிறவர்களுக்கு இரண்டும் ஒன்றுதான்.

"அவங்க பணக்கார நாடு" என்பீர்கள். சரி. ஆனால் நாமும் பணம் கொடுத்துத்தான் இருக்கிறோமே! தானேக்குப் பிறகு மில் மூடும் வரைக்கும் வருடக்கணக்கில் பாதிச் சம்பளம் கொடுத்தோம். எதற்கு? சும்மா இருப்பதற்கு. தொழிற்சங்க நண்பர்களுக்கு நான் சொல்லப்போவது கசக்கும். அந்தப் பாதிச் சம்பளத்துக்காக நாம் அத்தனை ஆர்ப்பாட்டம் செய்தோம், அதோடு ஒரு பயிற்சி வகுப்பையும் கேட்டு ஒரு பேனர் கட்டியதாக எனக்கு நினைவில்லை. மில் திரும்பத் திறக்கும் என்று தேர்தலுக்குத் தேர்தல் எல்லாக் கட்சியும் சொன்னது. நம்பினோம். ஐம்பது வயதுக்காரர் அந்த நம்பிக்கையிலேயே ஐம்பத்தெட்டு ஆனார். அதே பணம், அதே வருடங்கள், மில்லுக்குள்ளேயே காலியாக இருந்த கூடங்கள், நூறு கிலோமீட்டர் சுற்றளவில் தொழில்நுட்பக் கல்லூரிகள். எல்லாம் இருந்தன. ஒன்றோடு ஒன்றை முடிச்சுப் போட ஒரு கோப்பு எழுந்திருக்க வேண்டும். எழவில்லை.

உதட்டுச் சாயம் பற்றி ஒரு கதை உண்டு. ஊரில் கஷ்டகாலம் வந்தால் பெண்கள் நகை வாங்க மாட்டார்கள், உதட்டுச் சாயம் வாங்குவார்கள், ஆகவே அதன் விற்பனை ஏறும் என்று எஸ்டே லாடர் கம்பெனியின் லெனார்ட் லாடர் 2001 வாக்கில் சொல்லிவைத்தார். 2020-ல் எல்லோரும் முகக்கவசம் போட்டதும் கதை கந்தலானது. எந்தத் தொழிலும் எல்லாக் கஷ்டத்துக்கும் தாங்காது. ஆகவே "மில்லுக்குப் பதில் அழகுசாதனத் தொழிற்சாலைகளைக் கொண்டுவாருங்கள், எல்லாம் சரியாகும்" என்று நான் சொல்ல வரவில்லை. இன்று கூட்டுக்குள் நிறம் அடைக்கிறவர்கள் நாளைக்கு வேறொன்றின் முன்னால் நிற்பார்கள். அவளுடைய தொழிற்சாலையிலேயே பாதிப் பேர் ஒப்பந்தக்காரர் மூலம் வருகிறவர்களாம். வருடத்தில் சில நாள் இடைவெளி விட்டு மறுபடி சேர்த்துக்கொள்வார்களாம். அவர்களுக்கு ஆட்குறைப்பு என்று ஒன்று நடந்ததாகவே ஆகாது, நஷ்ட ஈடும் இல்லை, அந்தப் பதினைந்து நாளும் இல்லை.

நான் கேட்பது இரண்டு. கணக்கெடுக்கும்போது "வேலையில் உள்ளாரா" என்ற கேள்விக்குப் பக்கத்தில் இன்னும் ஒரு பத்தி வேண்டும்: இதற்கு முன் என்ன வேலை, என்ன சம்பளம், இப்போது என்ன. ஒரு கோடு கூடப் போட்டால் போதும். எங்கள் காலத்தில் ரூல்தடியும் சிவப்பு மையும் வைத்துப் போட்டிருப்போம். இரண்டாவது, மூடப்போகும் ஆலைக்கு லே-ஆஃப் உத்தரவு போடும் அதே நாளில் பயிற்சி உத்தரவும் போடவேண்டும். சம்பளப் பட்டியலில் பெயர் இருக்கும்போதே ஆளை வகுப்புக்கு அனுப்பவேண்டும். தட்டச்சருக்குச் செய்ததைத்தான் கேட்கிறேன்.

அவளிடம் கடைசியாக, நாற்பத்தைந்து வயதான சாயக்காரர் ஒருவர் ஆறு மாதம் படித்துவிட்டு வந்தால் உங்கள் நிறப் பிரிவில் எடுப்பார்களா என்றேன். "மேனேஜர் எடுத்துப்பார் தாத்தா, ஆள் கிடைக்கலைன்னுதான் புலம்பறார். ஆனா விளம்பரத்துல முப்பத்தஞ்சுக்குள்ளன்னு போட்டிருக்கே" என்றாள். அந்த முப்பத்தைந்தை யார் போட்டது என்று விசாரித்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறாள்.